கெப்புக்கும் செசிக்கும் இடையில்

அப்பாவின் ஹைலக்ஸ் பிக்கப்பில் டிரைவர் பக்கக் கதவைச் சாத்த ஒரு முறை இருந்தது. கைபிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, தூக்கிய கையாலேயே இழுத்து அடிக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அது கைவந்திருந்தது. பிணைச்சல் தேய்ந்துவிட்டது என்பது அப்பாவின் கணிப்பு. பிணைச்சல் ஊசியை மாற்றியும் பார்த்தாயிற்று. 2021 ஒக்டோபரில் ஊரடங்கு நீங்கியதும், பெரும்போக விதைப்புக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று வண்டியை அக்கரைப்பற்றில் நாங்கள் வழமையாகக் காட்டும் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் நடத்தும் காக்கா கதவைத் தொடவே இல்லை. ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே எதையோ ஸ்குறூ டிரைவரால் குத்தினார். கறுப்புத் தூள் அவர் நெஞ்சில் கொட்டியது.

"கதவில பிழை இல்ல மகன். அத்திவாரம் இறங்கினா வீட்டுக் கதவு பூட்டுப்படுமா? அதுதான் இது."

அவர் குத்தியது பொடி மவுண்டிங் றப்பரை. பிக்கப், ஜீப், லொறி போன்ற வண்டிகளில் எஞ்சினும் கியர்பெட்டியும் சில்லுகளும் நீளமான இரும்புச் செசியில் பூட்டப்பட்டிருக்கும். நாம் ஏறி உட்காரும் கெப் தனி உருப்படி. இரண்டும் இரும்போடு இரும்பாக முட்டக் கூடாது என்பதற்காக இடையில் தடித்த றப்பர்கள் வைத்து, ஒவ்வொன்றின் நடுவாலும் ஒரு போல்ட்டை இறக்கி முறுக்கியிருப்பார்கள். மேல் றப்பர் கெப்பின் பாரத்தைத் தாங்கும். செசிக்குக் கீழே இருக்கும் இரண்டாவது றப்பர், குழியில் விழுந்து எழும்பும்போது கெப் மேலே துள்ளாமல் பிடிக்கும். இவை அமுங்கினால் கெப் இறங்கும். எல்லா மூலையும் ஒரே அளவாக இறங்கினால் ஒருவேளை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது ஒருநாளும் ஒரே அளவாக இறங்குவதில்லை. டிரைவர் ஏறும் பக்கம் முதலில் இறங்கும். கதவு நிலையில் உரசும், பொனட் இடைவெளி ஒருபக்கம் விரியும், ஸ்டியரிங் தண்டு கோணும். ரேடியேட்டர் கெப்போடு சேர்ந்து இறங்க, எஞ்சின் செசியோடு அப்படியே நிற்க, ஃபேன் இலை உறையில் தட்டும். எங்கள் வண்டியில் ஸ்டார்ட் பண்ணியதும் கேட்கும் சிறு உரசல் இதனால்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வண்டி 1982ஆம் ஆண்டுத் தயாரிப்பு. டொயோட்டா 1978இல் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை ஹைலக்ஸ். அப்பா அதை 1988இல் இரண்டாம் கையாக வாங்கினார். ஆலையடிவேம்பிலிருந்து சாகாமம் பக்கத்து வட்டைகளுக்கு விதைநெல்லும் உரமும் ஏற்றிப் போனது, வெட்டுக் காலத்தில் மூடைகளோடு திரும்பியது. எங்கள் ஊருக்கும் அக்கரைப்பற்றுக்கும் எல்லை என்று சொல்ல ஒரு வீதிதான். 1985இலும் 1990இலும் தமிழ்-முஸ்லிம் மோதல்களால் அந்த வீதியைக் கடக்க முடியாத நாட்கள் வந்தன. 1990இல் வழி திறந்ததும் அப்பா வண்டியைத் திருப்பியது பழைய கராஜுக்குத்தான். அப்போது காக்காவின் வாப்பா இருந்தார், இவர் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பொடியன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஒழுங்கைகளில், கடல்நீர் தேங்கிக் கிடக்கையிலேயே இந்த வண்டி அரிசியும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏற்றிக்கொண்டு இறங்கி ஏறியது. செசியின் பெட்டிக்குழாய்க்குள் அன்றைக்குப் புகுந்த உப்பு எந்தக் கழுவலுக்கும் முழுதாக வந்திருக்காது. அதற்கு மேல், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வருஷம் முழுக்க நிற்கும் வண்டி. கறள் பிடித்ததில் ஆச்சரியமில்லை, இவ்வளவுதானா பிடித்தது என்பதுதான் ஆச்சரியம்.

புது வண்டி வாங்கலாமே என்று சொல்ல அந்த நேரம் ஒருவரும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஓடுகிற பழைய வண்டிக்கு வாங்கிய விலையைவிடப் பல மடங்கு கேட்டார்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் தடை வந்ததால், அந்தப் பெரும்போகத்துக்கு மாட்டெருவும் கூட்டெருவும்தான் ஏற்ற வேண்டியிருந்தது. யூரியா நாலு மூடையில் முடிகிற வயலுக்கு எரு எத்தனை நடை என்று விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். ஈர எரு பெட்டியிலிருந்து ஒழுகிச் செசியில் ஊறும். ஆக வண்டிக்கு ஓய்வு கொடுக்கிற வருஷம் அல்ல அது.

காக்கா முதலில் எல்லா மவுண்டிங்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் செத்திருந்தது. பின்பக்கத்தவை கல்லாக இறுகி, விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தன. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் இயற்கை றப்பரைச் செய்வது அதைத்தான். இழுவிசை இருக்கும் இடத்தில் வெடிப்பு ஆழமாக இறங்கும். எஞ்சின் பக்கத்தில் இருந்த ஒன்று நேர்மாறாக ஊதிப் பிசுபிசுத்து, விரல் வைத்தால் மை மாதிரி ஒட்டியது. டீசல் கசிந்து ஊறியிருக்கிறது. அதற்கு மட்டும் எண்ணெய் தாங்கும் செயற்கை றப்பர் போடலாமா என்று கேட்டேன். "றப்பர மாத்துறத்துக்கு முந்தி லீக்க நிப்பாட்டுங்க" என்றார். அன்றே டீசல் குழாயின் செப்பு வொசர்களை மாற்றினார். சரியான வைத்தியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனித் தேர்வு. நாலு வழி இருந்தது.

எங்கள் பக்கத்தில் பழக்கமான வழி, லொறி டயரைத் தட்டையாக வெட்டி வட்டம் போடுவது. காசு போகாது, ஒரு மணித்தியாலத்தில் முடியும். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ உழவு இயந்திர இழுவைப் பெட்டிகளும் பழைய லொறிகளும் இந்த வட்டங்களில்தான் ஓடுகின்றன. ஆனால் டயர் றப்பருக்குள் நூலும் கம்பியும் உண்டு. அது இழுவைக்காகச் செய்தது, அமுங்கி எழும்புவதற்காக அல்ல. வெட்டுவாயில் கம்பி வெளியே தெரிந்தால் அதன் வழியே தண்ணீர் ஏறிக் கறள் பிடித்து அடுக்கு விரியும். உயரமும் வட்டத்துக்கு வட்டம் மாறும். பெட்டிக்கு அது போதும், ஆள் ஏறும் கெப்புக்குப் போதாது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் சாமான் கிடைக்கும். இரவு பஸ்ஸில் போய் விடியக் கடை திறக்கும் நேரம் நின்றேன். உடைத்த வண்டிகளின் மவுண்டிங்குகள் குவியலாகக் கிடந்தன. வெளிப்பார்வைக்கு எங்களுடையதைவிட நல்லவை. நகத்தால் அழுத்தினேன், தடம் பதியவில்லை. நல்ல மவுண்டிங்கில் நகம் பதிந்து உடனே மறைய வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் பாரம் சுமந்த றப்பர், கழற்றி வைத்தாலும் பழைய உயரத்துக்கு வராது. நான் வாங்கினால் இன்னொருவருடைய அமுங்கலைக் காசு கொடுத்துக் கொண்டுவருகிறேன் என்று அர்த்தம். டொயோட்டாப் பெட்டியோடு புதிதாக ஒரு சோடி மட்டும் ஒரு கடையில் இருந்தது. உறையைப் பிரித்ததும் விளிம்பில் மெல்லிய வெடிப்பு. றப்பருக்கு அலுமாரியிலும் வயது போகும்.

மூன்றாவது யோசனை கனடாவில் இருக்கும் மச்சானுடையது. பொலியூரித்தேன் மவுண்டிங் செட் ஒன்றை எடுத்து அனுப்புகிறேன், ஆயுளுக்கும் போதும், டீசலும் ஒன்றும் செய்யாது என்றான். படத்தில் சிவப்பாகப் பளபளத்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சாதாரண றப்பர் மவுண்டிங்கின் கடினம் ஷோர் ஏ அளவில் 50, 60 என்று இருக்கும், இந்த வகை 80, 90க்குப் போகும். தட்டையான தார் வீதியில் வேகமாகத் திருப்புகிறவனுக்கு அந்தக் கடினம் நல்லது, கெப் ஆடாது. எங்கள் வண்டி தார் வீதியை விட்டு இறங்கியதும் வாய்க்கால் கட்டில் ஏறும். முன்சில்லு ஒன்று மேட்டிலும் பின்சில்லு எதிர்ப்பக்கப் பள்ளத்திலும் நிற்க, மூடைப் பாரத்தோடு செசி முறுகும். முறுகத்தான் வேண்டும், ஏணிச் செசி அதற்காகவே செய்தது. அந்த முறுக்கைக் கெப்புக்கு ஏற்றாமல் தன்னிடமே வாங்கிக்கொள்வதுதான் றப்பரின் வேலை. கடின மவுண்டிங் வாங்காது, நேரே தகரத்துக்குக் கொடுத்துவிடும். நாற்பது வருஷக் கறளில் மெலிந்த தரைத்தகரம் போல்ட்டைச் சுற்றி வெடிக்கும். காக்கா இதை இவ்வளவு வார்த்தையில் சொல்லவில்லை. கெப்பின் தரையை உள்ளேயிருந்து விரலால் தட்டிக் காட்டினார், அவ்வளவுதான். வண்டியின் மற்ற எல்லாப் பாகத்தையும்விட மெலிந்தது எதுவோ அதைப் பார்த்து றப்பரைத் தெரிய வேண்டும். நான் இன்று யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

நாலாவது வழி, இங்கேயே செய்விப்பது. ஹொரணைப் பக்கம் றப்பர் வார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றைப் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் ஒருவரே சொல்லிவிட்டார். இலங்கையில் இருந்துகொண்டு றப்பருக்கு வெளிநாட்டைப் பார்ப்பானேன் என்று எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்து பெருகிய மரம் இது. 1952இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தில் இந்த நாடு றப்பரைக் கொடுத்துத்தான் அரிசி வாங்கியது. கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் கட்டி அம்பாறையில் வயல் பெருகத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம். நெல்லேற்றும் வண்டிக்கு நாட்டு றப்பர் போடுவதில் எனக்குத் தனியாக ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

பட்டறைக்காரர் மிகவும் பொறுமையான மனிதர். இயற்கை றப்பரில் கந்தகம், துத்தநாக ஒக்சைட், கரிப்பொடி, வெடிப்பைத் தடுக்கும் மெழுகு எல்லாம் எந்த அளவில் சேர்ப்பது என்பதில்தான் மவுண்டிங்கின் குணம் இருக்கிறது என்று காட்டினார். கரிப்பொடிதான் கறுப்பு நிறத்தைக் கொடுப்பது, தேய்மானத்தையும் வெயிலையும் தாங்க வைப்பதும் அதுவே. நான் கேட்டது 55 அளவு. வார்த்து ஆறியதும் குண்டூசி மாதிரி முனையுள்ள கடினமானியை அழுத்தி, முள் நின்ற இடத்தைக் காட்டினார். மேல் றப்பரும் கீழ் றப்பரும் வெவ்வேறு உயரம். இரண்டையும் கலந்துவிட வேண்டாம் என்று வெள்ளைப் பெயின்டில் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

றப்பர் கையில் வந்தால் பாதி வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் கஷ்டம் இரும்பில்தான். றப்பருக்கு உப்பைப் பற்றிக் கவலை இல்லை, கரையோரத்தில் வண்டியைத் தின்பது இரும்பின் கறள்.

ஒவ்வொரு மவுண்டிங்குக்குள்ளும் போல்ட்டைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய் இருக்கும். பார்ப்பவர்கள் அதைச் சாதாரண ஸ்லீவ் என்று விட்டுவிடுவார்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் றப்பர் இவ்வளவுக்கு மேல் நசியக் கூடாது என்று தீர்மானிப்பது அந்தக் குழாயின் நீளம்தான். அது இல்லாவிட்டால் முறுக்க முறுக்க றப்பர் பிதுங்கும், போல்ட்டோ ஒருநாளும் இறுகாது. எங்கள் வண்டியில் எல்லாக் குழாயும் கறளில் உப்பி உள்ளே போல்ட்டைக் கௌவியிருந்தன. பயணி பக்கத்துப் பின்மூலையில் ஒன்று மட்டும் நீளம் அளக்கிற நிலையில் கிடைத்தது. லேத் பட்டறையில் அதை நீளவாட்டில் அறுத்து, கறளைச் சுரண்டி, வேர்னியரில் அளந்து, மூட்டில்லாத குழாயில் அதே நீளத்துக்குப் புதியவை வெட்டினார்கள். இரண்டு முனையும் சதுரமாக நிற்க வேண்டும் என்று காக்கா கண்ணாடித் துண்டின் மேல் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தார். ஒன்று லேசாக ஆடியது, திருப்பிக் கொடுத்தார். மேலும் கீழும் வரும் பெரிய வொசர்களைத் தடித்த தகட்டில் வெட்டி, விளிம்பை உருட்டச் சொன்னார். கூரான விளிம்பு றப்பரை அறுக்கும்.

போல்ட் வாங்க ஹாட்வெயார் கடைக்குப் போனபோது நல்ல பாடம் ஒன்று கிடைத்தது. எம் 10 என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது 1.5 மில்லிமீட்டர் புரி. ஜப்பான் வண்டியில் இருப்பது 1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நட்டில் விரலால் ஏற்றினால் இரண்டு சுற்று இனிதாகப் போகும், பிறகு இறுகும். அதை ஸ்பானரால் தள்ளினால் நட்டின் புரி போய்விடும். அந்த நட் கெப்பின் அடித்தகரத்துக்குள் வெல்ட் பண்ணி மூடியது என்றால் பிறகு தகரத்தை வெட்டத்தான் வேண்டும். தலையைப் பார்த்தும் பிடிக்கலாம்: டொயோட்டாவின் பழைய எம் 10 போல்ட்டுக்கு 14 சாவி, கடைப் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 17. மொறிஸ் மைனர் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலையிடி. 1953 முதல் 1971 வரை தனிச் செசியில் வந்த அந்த வண்டிக்குப் பெரும்பாலும் அங்குல அளவில் யூ.என்.எஃப். புரி, மில்லிமீட்டர் போல்ட் கிட்டவும் வராது. பழையதைக் கையில் கொண்டுபோகாமல் போல்ட் வாங்கப் போகக் கூடாது.

எந்த இரும்பு என்பதிலும் பேச்சு நீண்டது. கடல் பக்கம் என்பதால் ஸ்டெயின்லெஸ் போடுவோம் என்று அப்பா விரும்பினார். மீன்பிடிப் படகுகளில் பார்த்த நம்பிக்கை அது. ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன், 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டுக்கு 800. நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையில் வித்தியாசம் இன்னும் பெரிது: 450க்கு எதிராக 640. தவிர, ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று உரசிப் பாதிவழியில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. ஆள் இருக்கும் கெப்பைப் பிடிக்கிற இடத்தில் எனக்கு அது வேண்டாம். 8.8 நெருக்கப் புரி, துத்தநாகப் பூச்சு, புரி முழுக்கக் கிறீஸ், குழாய்க்குள்ளும் கிறீஸ் என்று முடிவானது. உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த தடிப்பூச்சுப் போல்ட் இன்னும் நீடிக்கும், ஆனால் பூச்சுத் தடிப்பால் அது வண்டியின் சொந்த நட்டுக்குள் ஏறாது.

கழற்றும் வேலைக்கு முந்திய இரவே எல்லாத் தலையிலும் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி விட்டோம். மறுநாள் பட்டரி வயர், கெப்புக்கு வரும் ஏர்த் வயர், கிளச் குழாய், ஸ்டியரிங் மூட்டு எல்லாம் கழற்றினார்கள். ரேடியேட்டர் உறையின் ஸ்குறூக்களையும் எடுத்தார்கள், இல்லாவிட்டால் கெப் உயரும்போது உறை ஃபேனில் மாட்டும். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முழுதாக எடுத்து, மறுபக்கத்தவற்றைத் தளர்த்தி மட்டும் விட்டு, பலகை வைத்து ஜக்கால் தூக்குவதுதான் முறை. அப்போது கெப் இடம்பெயராது. எதிர்பார்த்தபடியே ஒரு நட் உள்ளேயே சுற்றத் தொடங்கியது. கூட்டு நட்டின் வெல்ட் கறளில் விட்டுவிட்டது. காக்கா காஸ் சூடு காட்டவில்லை. சீட்டை எடுத்து, தரைத்தகரத்தில் மூன்று பக்கம் மட்டும் அறுத்து ஒரு சின்னக் கதவாக மடித்துத் திறந்து, நட்டைச் சாவியால் பிடித்துக் கழற்றினார். புது நட்டைத் தடித்த தகட்டில் வெல்ட் பண்ணி உள்ளே இருத்தி, அந்தக் கதவைத் திரும்ப மடித்து அடைத்தார். சுற்றியிருந்த கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் றப்பர் வைத்தார். விதைப்பு நெருங்குகிறது என்று நான் அவசரப்படுத்தினேன். அவர் அசையவில்லை.

எல்லா றப்பரும் வைத்தபின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, ஜக்கை இறக்கி, கெப் தன் பாரத்தில் இருந்த பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமாக மாறி மாறி முறுக்கினார். டிரைவர் பக்கம் கதவு இடைவெளி மேலே இன்னும் ஒரு மயிரிழை குறைவு. அந்த மூலையில் ஒரு மெல்லிய தகட்டு வட்டம் சேர்த்ததும் கதவு தானாகப் போய்ப் பூட்டுப்பட்டது. அப்பா வந்து கைபிடியைப் பிடித்து, பழக்கத்தில் தூக்கி அடித்தார். பூட்டு மேலே இடித்துத் திரும்ப வந்தது. "தூக்காம சாத்துங்க ஐயா" என்றார் காக்கா.

வெட்டு முடிந்து 2022 மார்ச்சில் எல்லாப் போல்ட்டையும் மறுபடி பார்த்தோம். புது றப்பர் முதல் போகத்தில் கொஞ்சம் இருந்து கொடுக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டு மூலையில் கால் சுற்று இறுகியது, மற்றவை அசையவில்லை. டீசல் வரிசை தொடங்கிய காலம் அது, வண்டி அதிகம் வெளியே போகவில்லை. மிஞ்சிய றப்பர்களைத் தம்பிலுவிலில் இதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். அவருடையது நாலு சில்லும் இழுக்கும் வண்டி. றப்பர் பொருந்தினாலும் குழாய் நீளத்தைத் தன் வண்டியில் அளந்துதான் வெட்ட வேண்டும் என்று சொல்லி, லேத் பட்டறையின் வழியையும் காட்டி அனுப்பினேன்.